சுண்ணக்கட்டிக் குறியும் சென்சாரின் எண்ணும்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்குகிறவர்களுக்கு முதலில் வியப்பூட்டுவது அதன் ஆழமும் அகலமுந்தான் எனினும், சற்று நேரம் கண்ணும் காதும் பழகிய பின்னர் மனத்தைக் கவர்வது வேறொரு காட்சி: படிப்படியாக வெட்டப்பட்ட மண்மேடைகளின் ஓரமாக, கிலோமீட்டர்க் கணக்கில் நீண்டு கிடந்து, ஓயாத இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்கும் கன்வேயர் பெல்ட்டுகளின் வரிசை. பக்கெட் வீல் என்று அங்குள்ளோர் வழங்கும் பிரம்மாண்டமான சக்கர யந்திரம் மேல்மண்ணைக் குடைந்தெடுக்க, அந்த மண் ஒரு பெல்ட்டிலிருந்து மற்றொரு பெல்ட்டுக்கு மாறி மாறிச் சென்று, நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் கொட்டப்படுகிறது. அதற்கும் கீழ்மட்டத்தில் அதே விதமான யந்திரம் வெட்டித் தரும் பழுப்பு நிலக்கரி, வேறு பெல்ட்டுகளின் வழியே அனல் மின் நிலையத்தை நாடிப் போகிறது. ஒரு பெல்ட் நின்றால் அதற்குச் சரக்கு தரும் பெல்ட்டும் உடனே நிற்க வேண்டும்; இல்லையேல் மண் குவிந்து யந்திரத்தையே மூடிவிடும். ஆகவே, ஒன்றின் நிலையை மற்றொன்று அறிந்து நடந்துகொள்ளும் ஏற்பாடு, இணையம் என்ற சொல் நம் செவியில் விழுவதற்கு வெகு காலம் முன்பே இத்தகைய சுரங்கங்களுக்கு இன்றியமையாததாகிவிட்டது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது நீரோடு கலந்து வெளிவந்த கருமையான பொருளே இத்தனைக்கும் தொடக்கம் என்பதை அவ்வூரார் அனைவரும் அறிவர். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. மறு ஆண்டிலேயே, சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அனல் மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் யந்திரம் ஓடத் தொடங்கிற்று. எடையில் ஏறக்குறைய பாதி நீராகவே இருக்கும் இந்தப் பழுப்பு நிலக்கரியை வெகுதூரம் சுமந்து சென்றால் பாதி வண்டி தண்ணீரைச் சுமந்ததாகும். குவித்து நெடுநாள் வைத்தாலோ தானே சூடேறிப் புகையத் தொடங்கும். சுரங்கத்தின் வாயிலிலேயே மின் நிலையம் அமைய வேண்டிய அவசியம் இதனால் நேர்ந்தது. மண், நீர், நிலக்கரி, நீராவி, மின்சாரம், வட்டம் வட்டமாகப் பகுத்து எழுப்பிய நகரியத்தின் வீட்டு விளக்கு என்று எல்லாம் ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின.

இன்று தொழில் உலகெங்கும் பேசப்படும் ‘பொருள்களின் இணையம்’ என்பதை இந்தச் சங்கிலியின் அருகில் நின்று சிந்திப்பது பயன் தரும் என்று கருதுகிறேன். இப்பெயரை 1999-ல் கெவின் ஆஷ்டன் என்பவர் வழங்கினார். உஷ்ணம், அதிர்வு, அழுத்தம், ஈரம் முதலியவற்றை உணரும் சிறு கருவி ஒன்று, தான் உணர்ந்ததை எண்ணாக்கி, கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ கணினிக்கு அனுப்புகிறது. கணினி அவ்வெண்களை ஒப்பிட்டு, இன்ன யந்திரம் இன்னும் சில நாட்களில் பழுதாகும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. தத்துவம் இவ்வளவு எளிதாயிருக்க, பெரிய ஸ்தாபனங்களும் சிறிய ஆலைகளும் இதனைக் கைக்கொள்ளும்போது இடறி விழுவது ஏன் என்பதே நம் கேள்வி. கருவியின் விலையைப் பலர் காரணமாகச் சொல்வர். விலை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது, இடர்ப்பாடு குறையவில்லை. எனவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

பெல்ட்டைத் தாங்கிச் சுழலும் ரோலர்களையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்றாக அமையும் ஒவ்வொரு தாங்கியிலும் மூன்று ரோலர்கள் என்று கொண்டாலும், ஒரு கிலோமீட்டர் பெல்ட்டின் மேற்பக்கத்தில் மட்டுமே 3000 ரோலர்கள். ஒன்றின் பேரிங் கெட்டுச் சுழற்சி தடைப்பட்டால், அதன்மீது உராயும் பெல்ட் தேய்கிறது. உராய்வால் எழும் உஷ்ணம் நிலக்கரித் தூளைப் பற்றினால் தீயே மூளலாம். பெல்ட் ஓடும் ஆலைகளிலெல்லாம் இதற்கென்றே பெல்ட்டின் ஓரமாக நடந்து செல்லும் தொழிலாளர் உண்டு. வேறொரு மாவட்டத்து ஆலையில் அத்தகைய முதிய தொழிலாளர் ஒருவரோடு ஓர் இரவு ஷிப்டு முழுவதும் நான் நடந்திருக்கிறேன். அத்தனை இரைச்சலுக்கிடையே ஓரிடத்தில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டு, கெட்டுப்போன ரோலரின் இரும்புச் சட்டத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அவர் மேலே நடப்பார். மறுநாள் பெல்ட் நிற்கும் வேளையில் பழுது பார்ப்போர் வந்து, வட்டமிட்ட ரோலரைக் கழற்றி மாற்றுவர். உணர்தல், இடம் குறித்தல், செய்தி சொல்லல், செய்கை என்ற நான்கும் அந்த ஒரு சுண்ணக்கட்டிக் குறியில் அடங்கியிருந்தன.

சென்சார் இவற்றுள் முதலாவதைச் செய்கிறது. மற்ற மூன்றையும் நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். இடம் குறித்தல் என்பது அற்பமான காரியம்போல் தோன்றும். ஆனால், ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் எந்த ரோலரில் பொருத்தப்பட்டது என்பதற்கு ஒரு பதிவேடு உண்டு. ரோலரை மாற்றும்போது சென்சாரும் இடம் மாறுகிறது. சுரங்கம் முன்னேற முன்னேறப் பெல்ட்டே நகர்த்தப்படுகிறது. மாற்றியவர் பதிவேட்டைத் திருத்தாமற் போனால், கருவி மெய்யையே சொல்லியும் கேட்பவர் பிழையான இடத்துக்குப் போய் நிற்பார். முகவரி பிழையான கடிதத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

உணர்தல் என்ற முதற் காரியத்திலும் நுட்பம் உண்டு. பேரிங்கின் உள்ளே உருளும் குண்டு ஒன்றின் பாதையில் கடுகளவு பள்ளம் விழுந்துவிட்டால், அப்பள்ளத்தைக் குண்டுகள் கடக்கும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய அடி ஒன்று எழுகிறது. அந்த அடியால் உலோகம் விநாடிக்குச் சில ஆயிரம் தடவை அதிர்ந்து அடங்குகிறது. ஓர் அதிர்வை உள்ளபடி பதிய வேண்டுமானால் அதன் ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவைக்கு மேல் அளந்தாக வேண்டும் என்பது 1928-ல் ஹாரி நைக்விஸ்டின் ஆராய்ச்சியிலிருந்து தோன்றிய விதி. விநாடிக்குப் 10,000 அளவுகள், அளவு ஒன்றுக்கு இரண்டு பைட் என்று கொண்டால், ஒரு சென்சார் விநாடிக்கு 20,000 பைட் அனுப்ப வேண்டும்; பத்துக் கிலோமீட்டரில் உள்ள 30,000 ரோலர்களுக்கு அது விநாடிக்கு 60 கோடி பைட். மின்கலத்தில் ஆண்டுக்கணக்காக ஓட வேண்டிய சிறு கருவியின் மெல்லிய வானொலியால் தன் பங்கில் ஒரு சிறு பகுதியைக்கூட இடைவிடாது அனுப்ப இயலாது. ஆகையால் கருவியே கணக்கிட்டு ‘நலம்’, ‘நலமன்று’ என்ற முடிவை மட்டும் அனுப்புமாறு செய்கின்றனர். இது சாமர்த்தியமான வழிதான். ஆயினும், முடிவு தவறாயிருந்தால் அது எதனால் தவறிற்று என்று ஆராய மூலச் சான்று கைவசம் இராது என்பதை வாங்குவோர் முன்னதாகவே உணர்ந்திருக்க வேண்டும்.

தவறு என்றதும் ஒரு சிறு கணக்கு நினைவுக்கு வருகிறது. இந்தக் கருவி ஆயிரம் நாளைக்கு ஒரே ஒரு முறைதான் காரணமின்றிக் கூவும் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு இது மிக நேர்த்தியான கருவியாகவே படும். ஆனால் 30,000 கருவிகள் இருக்குமிடத்தில் நாளொன்றுக்கு 30 பொய்க்கூவல்கள் எழும். மெய்யாகவே கெடும் ரோலர்கள் நாளைக்கு மூன்று என்றால், எழும் 33 கூவல்களில் மூன்றே மெய், பதினொன்றுக்கு ஒன்று. முதல் வாரம் ஒவ்வொரு கூவலுக்கும் ஓடிச் சென்ற தொழிலாளி, இரண்டாம் மாதம் ஓசையை அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால், குற்றம் அவருடையதென்று என்னால் சொல்ல இயலாது. 1994 ஜூலை 24-ல் பிரிட்டனில் மில்ஃபர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்ந்தபோது, அதற்கு முந்திய கடைசிப் 11 நிமிடங்களில் அங்கிருந்த இரண்டு இயக்குநர்களின் முன் எழுந்த எச்சரிக்கைகள் 275. சராசரியாக இரண்டரை விநாடிகூட இடைவெளியின்றி மாறி மாறி அலறும் ஒலிகளுக்கிடையே, எது அவசரம் என்று தேர்ந்தறிய எந்த மனிதரால் முடியும்? நெய்வேலியிலும் 2020 மே 7, ஜூலை 1 ஆகிய இரு நாட்களில் இரண்டாவது அனல் மின் நிலையத்தின் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிர் நீத்தனர். அவற்றின் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும், எச்சரிக்கை என்ற சொல்லை இத்தொழிலில் எழுதும்போதெல்லாம் அந்த இரண்டு நாட்களும் அக்குடும்பங்களும் என் மனத்தில் வந்து நிற்கின்றன. ஆகவேதான் எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டிப் பெருமை கொள்ளும் விளம்பரங்களைப் படிக்கும்போது வருத்தம் உண்டாகிறது.

சாதாரண ஆலைக்கு இல்லாத இடையூறு ஒன்று திறந்தவெளிச் சுரங்கத்துக்கு உண்டு. ஆலையின் சுவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். சுரங்கமோ நடந்துகொண்டே இருக்கும். ஒருபுறம் வெட்டி, மறுபுறம் கொட்டி, அது ஆண்டுதோறும் இடம் பெயர்கிறது. நம் நாட்டில் உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானலைகள் சமவெளியில் கிலோமீட்டர்க் கணக்கில் செல்லக்கூடியவை. ஆனால் நேற்றுவரை தெளிவாய்த் தெரிந்த கோபுரத்துக்கும் கருவிக்கும் நடுவே இன்று ஒரு மண்மேடோ, உருக்கால் ஆன பெரிய யந்திரமோ வந்து நின்றால் அலை மறைந்துபோகும். கடலூர் மணற்பாறையின் கூரிய தூள் இணைப்புகளின் உள்ளே புகுகிறது. வடகிழக்குப் பருவமழையில் அதுவே சேறாகிறது. 2011 டிசம்பர் 30-ல் கடலூர்ச் சீமையைத் தாக்கிய தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, மின்கம்பங்களும் கூடவே சாய்ந்தன. தொலைதூர நகரத்துக் கணினி மையத்தோடு இடையறாத தொடர்பு இருக்கும் என்ற அனுமானத்தின்மேல் கட்டிய எந்த ஏற்பாடும், மனிதனுக்கு அது மிக வேண்டியிருக்கும் அத்தகைய நாளில்தான் மௌனமாகிவிடும்.

நெய்வேலியின் தனிப்பெரும் விஷயம் நீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே, மேலே எழத் துடிக்கும் ஆர்ட்டீசியன் ஊற்று நீர், ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான அழுத்தத்தோடு படுகையை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஒரு கிலோகிராம் அழுத்தம் என்பது பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் பாரம். எனவே இது 60 முதல் 80 மீட்டர் நீர்த்தம்பத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியிலிருந்து முட்டுவதற்கு ஒப்பாகும். மேல்மண்ணின் எடை உள்ளவரை இந்த உந்தல் அடங்கிக் கிடக்கும். மண்ணை அகற்றிவிட்டால் சுரங்கத்தின் தளமே பொங்கி உடையக்கூடும். ஆகையால் ஆழ்குழாய்களின் மூலம் இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்த ஒரு காரியம் நின்றுபோனால் சுரங்கம் என்பதே இல்லை.

இத்தகைய அழுத்தத்தை அளக்க உதவும் கருவிகளுள் ஒன்றின் தத்துவம் நம் வீணைக்கு மிக நெருங்கியது. அதன் உள்ளே முறுக்கேற்றிய மெல்லிய உருக்குத் தந்தி ஒன்று இருக்கிறது. நீரின் அழுத்தம் ஒரு தகட்டை அழுத்த, தந்தியின் இழுவிசை மாறுகிறது. மின்காந்தம் ஒன்று தந்தியை மீட்டிப் பார்த்து, எழும் சுருதியைக் கொண்டு அழுத்தத்தைக் கணிக்கிறது. கச்சேரி மேடையில் உஷ்ணம் ஏறினால் வீணையின் சுருதி இறங்குவதுபோல் இதற்கும் நேரும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தந்தி தளர்வதும் உண்டு. வித்துவான் செவியால் அறிந்து பிரடையைத் திருகிக்கொள்கிறார். பூமிக்குள் நூறு மீட்டர் ஆழத்தில் புதைந்த கருவிக்குப் பிரடை திருக யார் இருக்கிறார்கள்? அது பழுதாகி முற்றும் நின்றுவிட்டால் நல்லது, உடனே தெரிந்துவிடும். சிறிது சிறிதாகப் பிறழ்ந்துகொண்டே, நம்பத்தக்க எண்களை அது அனுப்பிக்கொண்டிருப்பதுதான் அபாயம். இதனை அறிந்தவர்கள், தானியங்கிக் கருவி பத்து இருந்தாலும், அவற்றுக்கு நடுவே கயிறு இறக்கிக் கையால் அளக்கத்தக்க திறந்த கிணறு ஒன்றையும் வைத்துக்கொள்வர்.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்றையும் சொல்லிவிட விரும்புகிறேன். சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் உழவர்களின் கிணற்று மட்டம் ஜீவாதாரமான விஷயம். நிலத்தடி நீரின் எண்கள் கணினித் திரையில் வந்து விழும் காலத்தில், அவை பொறியாளர் அறையோடு நின்றுவிடாமல், ஊராட்சி அலுவலகத்தின் பலகையிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். யாருடைய மண்ணின் கீழிருந்து எண் எடுக்கப்படுகிறதோ அவர்களுக்கு அதைக் காணும் உரிமை உண்டு. அவர்களுடைய கிணற்றுக் கயிறும் அந்த எண்ணைச் சரிபார்க்கும்.

காலப் பொருத்தமின்மை என்பது பலர் கவனிக்காத மற்றொரு முடிச்சு. 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் தன் ஆயுளுக்கு மேலும் உழைத்து 2020-ல்தான் முழுமையாக ஓய்வு பெற்றது. ஐம்பது ஆண்டு, அறுபது ஆண்டு வாழும் அத்தகைய யந்திரத்தின் மேனியில், ஐந்தாண்டில் மின்கலம் தீர்ந்து, ஏழாண்டில் உதிரிப் பாகமும் மென்பொருளும் நின்றுபோகும் கருவியை ஒட்டுகிறோம். யந்திரங்கள் பேசும் பாஷைகளும் பல. 1979-ல் தோன்றிய மாட்பஸ் என்னும் செய்திமுறை இன்றும் ஆலைகளில் வழங்குகிறது. ஒரு காலத்து ஜெர்மானிய யந்திரமும் மற்றொரு காலத்து உள்நாட்டு யந்திரமும் ஒன்றையொன்று அறிய இடையே துபாஷிக் கருவி வைக்க வேண்டியிருக்கிறது. எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒத்திராவிட்டால் வேறொரு குழப்பம் நேரும்: பெல்ட் வரிசை முழுவதும் ஒரு விநாடிக்குள் நின்றுபோன பின், முதலில் நின்றது எது என்று பதிவேடுகளைப் பார்த்தால், விளைவு முன்னதாகவும் காரணம் பின்னதாகவும் பதிவாகியிருக்கும். ஒரு விநாடிக்குள் நிகழ்ந்ததை ஆராய்வதற்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகாத கடிகாரங்கள் தேவை.

இணைத்த கதவு இரு பக்கமும் திறக்கும். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக் கணினி ஒன்றில் தீய மென்பொருள் புகுந்திருந்ததை இந்திய அணுமின் கழகம் அவ்வாண்டு அக்டோபர் 30-ல் உறுதி செய்தது. அணு உலையை இயக்கும் உள்வலையமைப்பு அதனின்றும் பிரிந்து தனித்திருந்ததால் பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது. பிரித்து வைப்பதன் அருமையை நம் நாட்டிலேயே கண்ட உதாரணம் இது. 2015 டிசம்பர் 23-ல் உக்ரைன் நாட்டு மின்வாரியக் கணினிகளைக் கைப்பற்றிய விஷமிகள் ஏறக்குறைய இரண்டேகால் லட்சம் வாடிக்கையாளருக்கு மின்சாரத்தைத் துண்டித்தபோது, சில மணி நேரத்தில் அது மீண்டும் கிடைத்ததற்குக் காரணம், ஊழியர்கள் வண்டியேறித் துணை மின் நிலையங்களுக்குச் சென்று கையால் சுவிட்சுகளைப் போட்டதுதான். கையால் இயக்கும் வசதியும், இயக்கத் தெரிந்த கைகளும் அங்கே எஞ்சியிருந்தன. புதிய கருவி வந்ததென்று அவ்விரண்டையும் கைவிடுகிற நிர்வாகம் சேமிப்பதாக எண்ணி இழக்கிறது.

பெரிய கழகங்களுக்குப் பொறியாளர் படை உண்டு. வடலூர்ப் பக்கத்து அரிசி ஆலைக்கோ, பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் சிறு கூடத்துக்கோ அது இல்லை. ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி, கைபேசியில் எண்ணைப் பார்க்கும் முதலாளி, அந்த எண் எங்கோ அயல்நாட்டுக் கணினியைச் சுற்றித் தம் கைக்கு வருகிறது என்பதை அறியார். 2016 மே மாதத்தில், ரிவால்வ் என்னும் வீட்டு இணைப்புக் கருவியின் சேவையை அதனை வாங்கிக்கொண்ட நிறுவனம் நிறுத்தியபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களின் அலமாரியிலிருந்த நல்ல கருவிகள் ஒரே நாளில் வெறும் டப்பாக்களாயின. விற்பவர் கடையை மூடினாலும் இது ஓடுமா, இணையம் அறுந்தாலும் எண் தெரியுமா என்ற இரு கேள்விகளைக் கேட்காமல் சிறு தொழிலர் எவரும் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கருவியை வாங்குவது ஒரு பிரிவு, பொருத்துவது ஓர் ஒப்பந்தக்காரர், அது கூவினால் ஓட வேண்டியது வேறொரு ஒப்பந்தத்தின் தொழிலாளி என்று பொறுப்பு சிதறிக் கிடக்கும் இடங்களில், எச்சரிக்கை வந்து சேரும், எடுப்பார் இரார். திரையில் ஆங்கிலத்தில் ஓடும் செய்தியை நள்ளிரவில் யாரும் மொழிபெயர்த்துச் சொல்லப்போவதில்லை. தம்மை வேவு பார்க்க வைத்த கண் இது என்று தொழிலாளர் ஐயுற்றுவிட்டால், பெட்டியின்மேல் ஒரு கோணிப்பை வந்து விழும். அந்த ஐயத்தை முன்னரே பேசித் தீர்க்காதது நிர்வாகத்தின் குறை.

முன்னே சொன்ன ஆலைக்குச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்றேன். ரோலர்களில் சென்சார்கள் வந்திருந்தன. இளம் பொறியாளரான ஒரு பெண் கையில் திரைப்பலகையோடு பெல்ட் ஓரம் நடந்துகொண்டிருந்தார். கூடவே அந்த முதியவர். ஓரிடத்தில் பெண் நின்று, “அண்ணே, இதுதான் காட்டுது” என்றார். முதியவர் சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இல்லம்மா, ரெண்டு தள்ளி” என்று சொல்லி, அடுத்ததற்கு அடுத்த சட்டத்தில் வழக்கம்போல் வட்டம் போட்டார். பெண் திரையில் பதிவேட்டைத் திறந்து, எண் இடம் மாறியிருப்பதைக் கண்டு திருத்தினார். பின்பு அவரிடமிருந்து சுண்ணக்கட்டியைக் கேட்டு வாங்கி, அந்த வட்டத்துக்குள்ளே சென்சாரின் எண்ணை எழுதினார்.